வாடைத்திட்டில் முப்பத்தொரு குடிசை

வாடைத்திட்டில் ஆளில்லை என்று அரசாங்கத்துக்கு முதலில் சொன்னவள் சாந்தகுமாரிதான். பாதியாக ஒடித்த சவர பிளேடை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் குனிந்து உட்கார்ந்து சொன்னாள். அதற்கப்புறம் முப்பத்தாறு வருஷம் டெல்லியில் அதே வரைபட அலுவலகத்தில் வேலை பார்த்து, கல்யாணம் கட்டி, பெண் பெற்று, மயூர் விஹாரில் ஃப்ளாட் வாங்கி, ஓய்வுபெறப் பத்து வாரம் இருக்கிற நேரத்தில், ஊரிலிருந்து யாரோ தேடி வந்து அலுவலக வாசலில் உட்கார்ந்திருப்பதாகக் காவலாளி வந்து சொன்னபோது அந்த பிளேடு அவள் நினைவில் இல்லை.

ஜனவரி மாதம். பதினொரு மணியாகியும் பனி விலகவில்லை. காவலாளிகள் மூட்டியிருந்த தீக்கு ஓரமாக, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு புடவை சுற்றி, ஆண்பிள்ளை குரங்குக் குல்லாய் போட்ட ஒரு அம்மாள் குந்தியிருந்தாள். மடியில் பிளாஸ்டிக் உறையில் சுருட்டிய காகிதம்.

"எஸ். சாந்தகுமாரிங்குறது நீங்கதானா?"

பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுப்பதுபோல் இனிஷியலோடு கேட்டாள். சுருளைப் பிரித்து ஒரு மூலையில் விரலை வைத்தாள். எறும்பு ஊர்ந்த மாதிரிச் சின்ன ஆங்கில எழுத்தில் வரைந்தவர் பெயர். சாந்தகுமாரிக்குத் தன் கையெழுத்தையே அடையாளம் தெரிந்துகொள்ள ஒரு நிமிஷம் பிடித்தது.

"எம் பேரு பவுனு. வாடத்திட்டு. வக்கீலுதான் எழுத்துக் கூட்டிப் படிச்சாரு. தமிழ்ப் பேரா இருக்கே, போயிப் பாருங்கன்னாரு. நீங்க எந்தப் பக்கங்க?"

"செம்பியன்கழிதான்."

பவுனு தீயைப் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள்.

"செம்பியன்கழியா. அப்ப தெரிஞ்சேதான் ஆளில்லன்னு போட்டிங்களா?"

செம்பியன்கழி வட்டம் மிகச் சின்னது. காவிரி கடைசியாகக் களைத்துப்போய்க் கடலுக்குள் நுழைகிற மூலையில், பதினான்கு வருவாய்க் கிராமங்கள். ஒரே தாளில் அடங்கிவிடும். மேற்கே நெல், நடுவே உப்பளம், அதைத் தாண்டி உப்பங்கழி, கழிக்கு அப்பால் கடல்வரை மணல். டச்சுக்காரன் உப்புச் சேர்த்து வைக்கக் கட்டிய கிட்டங்கி ஒன்று கூரையில்லாமல் நிற்கிறது. உப்பு ஏற்றப் போட்ட ரயில் தண்டவாளத்தை ஐம்பத்திரண்டாம் வருஷப் புயல் முறுக்கிப் போட்டது; அதற்கப்புறம் யாரும் அதை நிமிர்த்தவில்லை. மேடு மட்டும் மிச்சம், வெள்ளத்தில் எருமைகள் அதன் மேல் ஏறி நிற்கும். ஒவ்வொரு புயலுக்கும் கழிமுகம் இடம் மாறிக்கொள்ளும். பழைய முகத்துக்கும் புது முகத்துக்கும் நடுவே ஒதுங்கிய மணல்தான் வாடைத்திட்டு.

ஐப்பசியில் வாடைக்காற்று பிடித்ததும் வடக்கேயிருந்து படகுகள் அங்கே வந்து ஒதுங்கும். வருகிறவர்கள் வீட்டையும் படகிலேயே ஏற்றி வருவார்கள்: கம்பு, கீற்று, பாய், அடுப்புக்கல். ஆறு மாதம் மீன் பிடித்து, கருவாடு போட்டு, பிள்ளை பெற்று, சண்டை போட்டு, பங்குனி கடைசியில் காற்று திரும்பியதும் கம்பைப் பிடுங்கிக் கீற்றைச் சுருட்டி, கழிமுகத்துக்கு வடக்கே அக்கரைக்குப் போய்விடுவார்கள். போகும்போது கிணற்றின் வாயில் பனம்பலகை அடுக்கி மேலே மணல் தள்ளி மூடுவது வழக்கம். அடுத்த ஐப்பசிக்குத் தண்ணீர் கெடாமல் இருக்கும். இரட்டைப் பனைதான் அடையாளம். சித்திரையில் அங்கே போய் நிற்கிறவனுக்கு மனிதர் இருந்ததற்கு ஒரு பிடி சாம்பல்கூட அகப்படாது.

அளக்கிற ஆட்களோ சித்திரையில்தான் போவார்கள். மற்ற மாதங்களில் கழிச்சேறு முழங்கால்வரை இழுக்கும்.

சாந்தகுமாரியின் அப்பா உப்பு இலாகாவில் காவலர். அவளுக்கு ஒன்பது வயதில், ஒரு தை மாதம், ஏதோ வேலையாகத் திட்டுக்குப் போனவர் அவளையும் படகில் ஏற்றிக்கொண்டு போனார். யாரோ ஒரு பெண் சுட்ட மீனைத் தென்னம்பாளையில் வைத்துக் கொடுத்தாள். கிணற்றுத் தண்ணீர் இனிப்பாக இருந்தது. சுற்றி உப்பு, நடுவே இது எப்படி என்று கேட்டாள். "அதான் இவங்க இங்க வராங்க" என்றார் அப்பா.

தொண்ணூறாம் வருஷம் செம்பியன்கழித் தாள் அவள் மேஜைக்கு வந்தபோது அவளுக்கு இருபத்துநான்கு வயது. டெல்லிக்கு வந்து இரண்டு வருஷம், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அளந்தவர்கள் அனுப்பிய களத்தாளில் திட்டு வெறுமையாக இருந்தது. அவள் இரட்டைப் பனைக்கு வடக்கே ஒரு கிணறு போட்டாள். அதற்குக் கிழக்கே குடிசைகள். எத்தனை என்று யாரைக் கேட்பது? முப்பதுக்குக் குறையாது என்று ஒரு கணக்கு. பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி ஐந்து வரிசை, வரிசைக்கு ஆறு. கிணற்றடியில் இடம் மிஞ்சியது, அங்கே ஒன்று. முப்பத்தொன்று.

மேலதிகாரி பட்நாகர் சாப் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தார். நல்ல மனிதர், குளிர்காலத்தில் எல்லோருக்கும் வீட்டிலிருந்து நிலக்கடலை கொண்டுவருவார். "மகளே, களத்தாளில் இது எங்கே?" என்று இந்தியில் கேட்டார்.

"சார், நான் பார்த்திருக்கேன்."

"நீ பார்த்தது உன்னிடம் இருக்கட்டும். ஊர்ப் பாசத்தைச் சர்க்கார் துணியில் வரையாதே."

அந்த நாளில் வரைவது மெழுகேற்றிய துணியில். மை தவறினால் பிளேடை ஒடித்துச் செதுக்கி எடுக்க வேண்டும். முப்பத்தொரு குடிசையையும் ஒவ்வொன்றாகச் செதுக்கினாள். கடைசியாகக் கிணறு. மேலே 'மணல்மேடு, ஆளில்லை' என்று எழுதி, ஓரத்தில் தன் பெயரை எழுதினாள்.

அடுத்த அறையில் ராமசுப்ரமணியன் என்பவர் உட்கார்ந்து அந்த வட்டத்தின் வரலாறும் நிலவியலும் பற்றி ஒரு கையேடு எழுதிக்கொண்டிருந்தார். செம்பியன்கழியைக் கண்ணால் கண்டதில்லை. ஒருநாள் டீ டம்ளரோடு இவள் மேஜைக்கு வந்து, "ஏம்மா, இந்தத் திட்டுல மனுஷா யாராவது உண்டோ?" என்று கேட்டார். "ஷீட்ல இல்ல சார்" என்றாள். அவர் போய் எழுதினார். புத்தகம் வரைபடத்தைச் சாட்சியாகச் சொன்னது. அடுத்த பதிப்பில் வரைபடத்தின் அடியில் புத்தகத்தின் பெயர் ஏறியது. ஒன்றின் தோளில் ஒன்று கைபோட்டுக்கொண்டு இரண்டும் முப்பத்தைந்து வருஷம் நின்றன.

இப்போது வாடைத்திட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு வீடு. சுனாமிக்குப் பிறகு யாரோ புண்ணியவான்கள் சிமென்ட் வீடு கட்டிக் கொடுத்தார்கள். அதிலிருந்து சித்திரையில் யாரும் அக்கரை போவதில்லை. அக்கரையில் அவர்கள் தங்கிய இடம் இறால் பண்ணையாகிவிட்டது. கடற்கரைக்குப் புதுத் திட்டப்படம் வருகிறது. தொண்ணூற்றொன்றுக்கு முன்னால் குடியிருந்தவர்கள் இருக்கலாம், பின்னால் வந்தவர்கள் காலி செய்ய வேண்டும் என்கிறது விதி. திட்டில் உல்லாசப் படகுகளுக்குத் துறை கட்டுகிறார்களாம். திட்டுக்காரர்கள் போட்ட மனுவுக்கு வெள்ளிக்கிழமை டெல்லியில் கடைசி விசாரணை. எதிர்த்தரப்பு நீட்டியது இரண்டே இரண்டு: ஒரு வரைபடம், ஒரு புத்தகம்.

"ரேசன் கார்டு எல்லாம் சுனாமிக்கு அப்புறம் வந்ததுங்க. அதுக்கு முந்தி எங்கள யாரு எண்ணுனா?" என்றாள் பவுனு.

ரயில்வே ஸ்டேஷனில் படுத்துக்கொள்வதாகச் சொன்னவளைச் சாந்தகுமாரி வீட்டுக்கே கூட்டிவந்தாள். மெட்ரோவில் பவுனு கம்பியைப் பிடித்துக்கொண்டு, படகில் நிற்பதுபோல் காலை அகட்டி நின்றாள். "ஒங்க ஊர்ல கடலே இல்ல, வாட மட்டும் எங்கேருந்து வருது?" என்றாள்.

வீட்டில் பாலசுப்ரமணியம், சாந்தகுமாரியின் கணவர், வந்தவளுக்கு முகம் கோணாமல் வெந்நீர் வைத்துக் கொடுத்தார். விமானப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசினார்.

"சாந்தா, பத்து வாரம். பத்து வாரம் வாயை மூடிட்டு இருந்தா மாலையைப் போட்டு அனுப்பிருவான். தப்பா வரைஞ்சேன்னு நீயே எழுதிக் குடுத்தா மெமோதான் வரும். பென்ஷனை நிறுத்தி வெப்பான்."

"தப்பா வரையலைங்க. சரியா வரைஞ்சு அழிச்சேன்."

"அது இன்னும் மோசம்."

மகள் சிந்து எட்டிப் பார்த்தாள். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். "அம்மா, அந்த ஆன்ட்டிக்கு ரஜாய் ஒண்ணு போதுமா? அவங்க பேசறது எனக்கு ஆதாதான் புரியுது. அவங்க வீட்டை இடிக்கப் போறாங்களா? நீதான் ரீஸனா?"

அந்தப் பாதி புரிந்ததே போதுமானதாக இருந்தது. சாந்தகுமாரி கனத்த பஞ்சு ரஜாயை எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் ஆவண அறையில், அங்கே ஊழியனாக இருந்த ராம் கிஷனுக்கு இரண்டு கப் டீ வாங்கிக் கொடுத்து, தகரக் குழாய்களில் தேடி மூலத்தாளை எடுத்தாள். பழுப்பேறியிருந்தது. ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள். திட்டு வெறுமையாகத்தான் இருந்தது. தாளைக் கொஞ்சம் சாய்த்ததும் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது; சுரண்டிய இடமெல்லாம் சொரசொரவென்று எழுந்துகொண்டது. ஐந்து வரிசை. வரிசைக்கு ஆறு. கிணற்றடியில் ஒன்று. போனில் நாலைந்து படம் எடுத்தாள்.

மதியம் வெளியே வேப்பமரத்தடியில் பவுனுவிடம் காட்டினாள். பவுனு இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். கிணற்றின் மேல் விரலை வைத்து, கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

"கெணறு அதே எடந்தான். எங்க தாத்தா தோண்டுனது." விரல் நகர்ந்தது. "இது என்னங்க, ரேசன் கடை வரிச மாரி?"

"குடிசைங்க அக்கா."

"குடிச எங்க இப்படி இருந்துச்சு? வாடைக்கு முதுகு காட்டி, மூணாம்பொறை மாரி வளஞ்சு இருக்கும். நாப்பத்தி நாலு. இந்தா, கோடியில எங்க அப்பாரு குடிச. அதுக்கு அடுத்து மாசிலாமணி மாமா. மாமாவுக்கு அங்கிட்டு அம்பி வீடு, அவன் ரேடியோ வெச்சிருந்தான், எல்லாரும் அங்கதான் கெடப்போம்." சொல்லிக்கொண்டே போனாள். நாற்பத்துநாலு பேரையும் காற்று வரும் திசையிலிருந்து ஆரம்பித்து வரிசை தவறாமல் சொன்னாள். "நீங்க முப்பத்தொண்ணுன்னு யாரைக் கேட்டுப் போட்டிங்க?"

"யாரையும் கேக்கலக்கா. குத்துமதிப்பு."

பவுனு போனைத் திருப்பிக் கொடுத்தாள். குல்லாயைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டாள். பிறகு, பக்கத்தில் யாரும் இல்லாவிட்டாலும், குரலைத் தாழ்த்தினாள்.

"அழிச்ச கைதானேம்மா. நான் சொல்லச் சொல்ல அதுமேலயே வளச்சுப் போட்டுருங்க. நாப்பத்தி நாலு. யாரு பாத்தா?"

"செதுக்கின துணியில மை நிக்காதுக்கா. பரவிரும். பாத்தவுடனே தெரிஞ்சிரும்."

மாக்கல் பொடி போட்டுத் தேய்த்தால் மை நிற்கும். அலுவலகத்தில் அந்தக் கை வேலை தெரிந்தவர்கள் இன்று அவள் ஒருத்திதான். பழைய பேனாவும் மேஜை இழுப்பறையிலேயே கிடந்தது. அதை அவள் பவுனுவிடம் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகும் இழுப்பறையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு தடவை இவள் நினைத்தபடி வரைந்ததுதான் இத்தனைக்கும் காரணம் என்று ஒரு பக்கம் தோன்றியது. நினைத்தபடி வரைந்ததை அழித்ததுதான் காரணம் என்று இன்னொரு பக்கம். கடைசியில் இழுப்பறையைச் சாத்தி, ஒரு வெள்ளைத் தாளில் வாக்குமூலம் எழுதினாள். வரைந்தது நான். அழித்தது நான். ஆட்கள் அங்கே இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை விசாரணை அறையில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று அதிகாரிகள். நடுவில் இருந்தவர் வாக்குமூலத்தை இரண்டு தடவை படித்தார். மூலத்தாளை வாங்கி, அவள் சொல்லிக் கொடுத்தபடி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, மற்ற இருவருக்கும் காட்டினார். அந்த ஒரு நிமிஷம் பவுனு சாந்தகுமாரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வரைந்து, பிறகு நீக்கியிருக்கிறீர்கள். ஆதாரம் இல்லாததால் நீக்கச் சொன்னார்கள். அப்படித்தானே?"

"ஆமாம். ஆனா..."

"நேரில் பார்த்தது எந்த வருஷம்?"

"எழுபத்தஞ்சு."

"உங்கள் வயது?"

"ஒன்பது."

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். மரியாதையான ஆள். அவளை மேடம் என்றே கூப்பிட்டார். "குடிசைகள் நேர் வரிசையில் இருந்தனவா, மேடம்?"

சாந்தகுமாரி பவுனுவைப் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த வரிசை, சுனாமிக்குப் பிறகு கட்டிய வீடுகளின் வரிசை மாதிரியே இருந்தது. அது இந்த வக்கீலுக்கும் தெரிந்திருக்கும்; இப்போது பார்த்துப் போட்டது என்பார்.

"இல்லை. வளைஞ்சு இருந்துச்சு."

"எண்ணினீர்களா?"

"இல்லை."

"அப்படியானால் முப்பத்தொன்று?"

"நானா போட்டது. நாப்பத்தி நாலு இருந்துச்சு. இவங்களைக் கேளுங்க, ஒவ்வொருத்தர் பேரும் சொல்லுவாங்க."

"இவர் மனுதாரர்" என்றார் வக்கீல், ஏதோ மன்னிப்புக் கேட்பதுபோல.

"எதுதான் நிஜம்?" என்று கேட்டார் நடுவில் இருந்தவர். குரலில் கோபம் இல்லை. மதிய உணவு நேரம் நெருங்கியிருந்தது.

"கிணறு நிஜம், சார். அதுல நான் தண்ணி குடிச்சிருக்கேன்."

கணினியில் செயற்கைக்கோள் படத்தை விரித்து, செதுக்கிய கிணற்று வட்டத்தை அதன் மேல் ஏற்றிப் பார்த்தார்கள். இம்மி பிசகாமல் பொருந்தியது. அதிகாரி தலையை ஆட்டி எதையோ குறித்துக்கொண்டார். "கடலில் போகிறவர்கள் தண்ணீர் பிடிக்கவும் கிணறு தோண்டுவார்கள்" என்றார் பக்கத்தில் இருந்தவர். அதையும் குறித்துக்கொண்டார்.

மார்ச் இரண்டாவது வாரம் இரண்டு காகிதம் வந்தன. ஒன்று அவளுக்கு: அரசு ஆவணத்தில் கற்பனையாகச் சேர்த்ததற்கும் அதை இவ்வளவு நாள் மறைத்ததற்கும் விளக்கம் கேட்டு. பாலசுப்ரமணியம் அதைப் படித்துவிட்டு மடித்து சாமிப் படத்துக்குப் பின்னால் செருகினார். ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. இன்னொன்று வாடைத்திட்டு பற்றிய உத்தரவு. தொண்ணூற்றொன்றுக்கு முன் கிணறு இருந்தது ஏற்கப்படுகிறது. குடியிருப்பு இருந்ததற்குச் சான்று இல்லை.

ஓய்வுபெற நான்கு நாள் இருக்கும்போது புதுத்தாள் அவள் மேஜைக்கு வந்தது. கொண்டுவந்தவன் ஸ்ரீதர், அவள் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவன். "மேடம், ஜல்தி ஒரு ஸைன். சரிபார்த்தவர் இடத்துல. மேலே வெயிட் பண்றாங்க."

அழகான படம். கழி நீலம், உப்பளம் வெள்ளை. இரட்டைப் பனைக்கு வடக்கே நீல வட்டமாகக் கிணறு. சுற்றிலும் மணல் நிறம்.

"நான் போடலப்பா."

"மேடம், நாலு நாள்ல போறீங்க. எதுக்கு..."

"போடல."

அவன் தாளை எடுத்துக்கொண்டு பக்கத்துப் பிரிவுக்குப் போனான். டீ ஆறுவதற்குள் கையெழுத்தோடு திரும்பி, அவள் மேஜையைத் தாண்டி மாடிக்கு ஏறினான்.

போன் அடித்தது. பவுனு. பின்னால் காற்றும், இரும்பில் இரும்பு விழும் சத்தமும்.

"புதுப் படத்துல கெணறு போட்டுட்டாங்களாமே. வக்கீலு சொன்னாரு."

"ஆமாக்கா. சரியான இடத்துல."

"அதுல எறைக்கிறது யாருன்னு போடலியாக்கும்."

சாந்தகுமாரி போனை மறுகாதுக்கு மாற்றினாள்.

"சன்னல் கம்பியெல்லாம் களட்டுறோம். நாளைக்கி இடிக்கிற வண்டி வருதாம். கம்பும் கீத்துமா இருந்தா ஏத்திக்கிட்டுப் போயிருப்போம், செவுத்த எப்புடித் தூக்குறது?" கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "ஒங்க மேல கோவம் இல்லம்மா. இருந்துச்சு, இப்ப இல்ல. ஒண்ணு கேக்கலாம்னுதான் போட்டேன். அக்கரையில எறாப் பண்ணக்காரன் உடமாட்டேங்குறான். இருநூத்திப் பன்னண்டு குடும்பம். எங்க போயி எறங்குறது? படம் போடுறவுங்களுக்கு எடம் தெரியும்ல?"

"இருங்கக்கா, பாத்துச் சொல்றேன்."

செம்பியன்கழி வட்டத்தைத் திரையில் முழுதாக விரித்தாள். பதினான்கு கிராமம். மேற்கே நெல், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு எண், ஒரு பட்டாதாரர். உப்பளம், கம்பெனிகளுக்கு. காப்புக்காடு, வனத்துறைக்கு. கிட்டங்கி, தொல்லியல் துறைக்கு. ரயில்மேடுகூட இன்னும் ரயில்வேக்கு. கடலோரம் மேலிருந்து கீழாக, கழிமுகத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், விரலால் திரையைத் தொட்டுக்கொண்டே போனாள். போனில் காற்று இரைந்துகொண்டிருந்தது. பவுனு இன்னும் வைக்கவில்லை.